பாலைவனத்தில் ஒரு மரமும் ஓர் அந்துப்பூச்சியும்
(யோசுவா மரம் – யூக்கா அந்துப்பூச்சி: பாலைநிலச் சூழற்றொகுதிக்கு ஓர் உதாரண ஆய்வு)



பாலைவனம் பற்றி ஒரு வினா வந்தால் நம்மில் பலர் எழுதும் விடை மூன்று வரிகளில் முடிந்துவிடுகின்றது. மழை குறைவு, வெப்பம் அதிகம், முட்செடிகள் காணப்படும். இவை பிழையல்ல. ஆனால் உதாரணமில்லாத விடைக்கு முழுப்புள்ளி கிடைப்பது கடினம். ஓர் இடத்தையும், அங்கு வாழும் ஒரு தாவரத்தையும், அதனோடு பிணைந்த ஒரு பிராணியையும் நன்றாக அறிந்து வைத்திருந்தால், இசைவாக்கம், உயிரினங்களிடையேயான தொடர்பு, காலநிலை மாற்றம், உயிர்ப்பல்வகைமைப் பாதுகாப்பு ஆகிய நான்கு தலைப்புகளிலும் அந்த ஒரே உதாரணத்தைப் பயன்படுத்தலாம். அத்தகைய ஓர் உதாரணத்தையே இப்பாடத்தில் நோக்குவோம்.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,

• மொகாவி பாலைவனத்தின் அமைவிடத்தையும் காலநிலையையும் விளக்குவீர்கள்.
• யோசுவா மரத்தின் மகரந்தச்சேர்க்கை நிகழும் முறையைப் படிமுறையாக எழுதுவீர்கள்.
• ஒன்றியவாழ்வில் இரு தரப்பினரும் பெறும் நன்மையையும் கொடுக்கும் விலையையும் எடுத்துக் காட்டுவீர்கள்.
• இவ்வுறவை அச்சுறுத்தும் காரணிகளைக் காரண – விளைவுத் தொடர்பாக எழுதுவீர்கள்.

1. இடம்: மொகாவி பாலைவனம்

மொகாவி பாலைவனம் ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கே அமைந்துள்ளது. இதன் பெரும்பகுதி கலிபோர்ணியா, நெவாடா ஆகிய மாநிலங்களுள் அடங்கும். சிறு பகுதிகள் அரிசோனா, யூற்றா மாநிலங்களிலும் காணப்படுகின்றன.

இப்பகுதி பாலைவனமானதற்குப் பிரதான காரணம் மழை ஒதுக்காகும். பசுபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கேயுள்ள சியரா நெவாடா முதலிய மலைத்தொடர்களில் மோதி மேலெழுந்து, அங்கேயே மழையைப் பொழிந்துவிடுகின்றது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று வரண்ட காற்றாகும். ஆகவே தாழ்வான பகுதிகள் பலவற்றில் ஆண்டு மழைவீழ்ச்சி 150 மில்லிமீற்றருக்கும் குறைவாக உள்ளது. இம்மழையும் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே கிடைக்கின்றது.

கோடையில் வெப்பம் மிகக் கடுமையானது. இப்பாலைவனத்தின் எல்லைக்குள் அமைந்த மரணப் பள்ளத்தாக்கில் 1913 யூலை 10ஆந் திகதி 56.7 பாகை செல்சியஸ் வெப்பநிலை பதிவு செய்யப்பட்டது. ஆனால் குளிர்கால இரவுகளில் உயரமான இடங்களில் நீர் உறையும் நிலைக்குக் கீழும் வெப்பநிலை இறங்கும். பாலைவனம் என்றால் எப்போதும் வெப்பம் என்று எழுதுவது பொருந்தாது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நாம் பார்க்கப்போகும் மரத்துக்குக் குளிர் அவசியமான ஒன்று.

2. யோசுவா மரம்

மொகாவி பாலைவனத்தின் அடையாளமாக விளங்குவது யோசுவா மரமாகும். இதன் விஞ்ஞானப் பெயர் யூக்கா பிரெவிஃபோலியா. இது ஒருவித்திலைத் தாவரம், யானைக்கற்றாழைக்கு உறவானது. விவிலியத்தில் வரும் யோசுவா கைகளை உயர்த்தி நிற்பது போல இதன் கிளைகள் தோன்றியமையால், அவ்வழியே சென்ற மோர்மன் சமயக் குடியேற்றவாசிகள் இப்பெயரை இட்டனர் என்று சொல்லப்படுகின்றது. அதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு வாழ்ந்த கவுய்யா முதலிய பூர்வீகக் குடிகள் இதன் இலைநாரினால் கூடைகளும் பாதணிகளும் பின்னினர். மொட்டுகளையும் வித்துகளையும் உணவாகக் கொண்டனர்.

இம்மரத்தின் இயல்புகள் சில:

(அ) இலைகள் ஒடுங்கி, தடித்து, நுனியில் கூர்முள்ளைக் கொண்டவை. இதனால் ஆவியுயிர்ப்பு குறைவதோடு மேயும் விலங்குகளிடமிருந்தும் பாதுகாப்புக் கிடைக்கின்றது.

(ஆ) வளர்ச்சி மிக மெதுவானது. ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் அளவே வளரும். முதன்முறை பூப்பதற்குப் பல தசாப்தங்கள் செல்லலாம்.

(இ) தண்டில் ஆண்டு வளையங்கள் உருவாவதில்லை. எனவே மரத்தை வெட்டிப் பார்த்து வயதை எண்ண முடியாது.

(ஈ) நுனியில் பூங்கொத்துத் தோன்றிய பின்னர் அல்லது நுனி சேதமடைந்த பின்னரே தண்டு கிளைவிடுகின்றது.

(உ) பெப்ரவரி முதல் ஏப்பிரல் வரையான காலத்தில் வெண்பச்சை நிறப் பூக்கள் கொத்தாகத் தோன்றும். நல்ல பூப்புக்குக் குளிர்காலக் குளிரும் போதிய மழையும் வேண்டும். ஆகவே எல்லா ஆண்டுகளிலும் பூப்பதில்லை.

இறுதியாகக் கூறிய இயல்பை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். பின்னர் பயன்படும்.

3. அந்துப்பூச்சி

யோசுவா மரத்தின் மகரந்தச்சேர்க்கை தெகெற்றிக்குலா என்னும் சாதியைச் சேர்ந்த சிறிய அந்துப்பூச்சிகளிலேயே தங்கியுள்ளது. இவை பொதுவாக யூக்கா அந்துப்பூச்சிகள் எனப்படும்.

தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் பூவை நாடுவது உணவுக்காகவே. தேனை உறிஞ்சும்போது உடலில் ஒட்டும் மகரந்தம் தற்செயலாக அடுத்த பூவுக்குச் செல்கின்றது. யூக்கா அந்துப்பூச்சியின் நிலை வேறானது. இதன் நிறைவுடலி உணவு உட்கொள்வதில்லை. சில நாட்களே வாழும். பூவுக்கு அது வருவது துணை தேடவும் முட்டையிடவுமே.

பெண் பூச்சியின் வாய்ப்பகுதியில் வளைந்து சுருளக்கூடிய இரு உணரிகள் போன்ற உறுப்புகள் உண்டு. பிற பூச்சிகளில் காண்பதற்கரிய இவ்வுறுப்புகளின் உதவியால் அது பசைத்தன்மையுள்ள மகரந்தத்தைச் சுரண்டி எடுத்து, உருண்டையாக்கி, தலையின் கீழ்ப்புறத்தில் தாங்கிச் செல்கின்றது. தெகெற்றிக்குலாவின் மகரந்தச்சேர்க்கை தற்செயலானது அன்று. அதற்கென அமைந்த உறுப்பும் நடத்தையும் கொண்ட செயலாகும். இதனைச் செயல்முனைப்பான மகரந்தச்சேர்க்கை எனலாம்.

4. மகரந்தச்சேர்க்கை நிகழும் முறை

பின்வரும் படிமுறைகளை ஒழுங்கு மாறாமல் நினைவில் வைத்திருங்கள்.

படி 1: மரம் பூக்கும் காலத்தில், மண்ணினுள் கூட்டுப்புழுப் பருவத்தைக் கழித்த பூச்சிகள் வெளிவருகின்றன. ஆணும் பெண்ணும் பூக்களிலேயே சந்தித்துப் புணருகின்றன.

படி 2: பெண் பூச்சி ஒரு பூவின் மகரந்தக்கூடுகளிலிருந்து மகரந்தத்தைச் சேகரித்து உருண்டையாக்குகின்றது.

படி 3: அவ்வுருண்டையுடன் அது வேறு பூவுக்குப் பறக்கின்றது. இப்பூ பெரும்பாலும் வேறொரு மரத்தில் இருப்பதால் அயன் மகரந்தச்சேர்க்கைக்கு வழி ஏற்படுகின்றது.

படி 4: தன் முட்டையிடும் உறுப்பைப் பூவின் தம்பத்தின் ஊடாகச் செலுத்தி, சூலகத்தினுள் சூல்வித்துகளின் அருகே முட்டை இடுகின்றது.

படி 5: முட்டையிட்ட பின் பூவின் குறிக்கு ஏறிச் சென்று, தான் சுமந்து வந்த மகரந்தத்தில் ஒரு பகுதியைக் குறியில் வைத்து அழுத்துகின்றது.

படி 6: கருக்கட்டல் நிகழ்ந்து சூலகம் காயாக வளர்கின்றது; சூல்வித்துகள் வித்துகளாகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பி அவ்வித்துகளில் சிலவற்றை உண்டு வளர்கின்றது. எஞ்சிய வித்துகள் மரத்தின் அடுத்த தலைமுறைக்கு உரியவை.

வகுப்பில் பெரும்பாலும் எழும் கேள்வி ஒன்று: முட்டையிட்டதும் பறந்து செல்லாமல் பூச்சி ஏன் குறிக்கு ஏறுகின்றது? விடை எளிது. மகரந்தம் சேராத பூ உதிர்ந்துவிடும். பூ உதிர்ந்தால் வித்து இல்லை. வித்து இல்லையெனில் குடம்பிக்கு உணவில்லை. எனவே மகரந்தம் வைத்த பூச்சியின் சந்ததியே தப்பிப் பிழைத்தது; அந்நடத்தையும் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது.

இங்கு மாணவர்கள் விடும் பொதுவான தவறு, “பூச்சி மரத்தின்மீது இரக்கங்கொண்டு உதவுகின்றது” என்று எழுதுவதாகும். கதையில் அது அழகாக இருக்கலாம். விஞ்ஞான விடையில் இடமில்லை. பூச்சி தன் இனப்பெருக்கத்துக்காகச் செயற்படுகின்றது. அதன் விளைவாக மரம் நன்மையடைகின்றது. நோக்கம் வேறு, விளைவு வேறு.

5. பூச்சியின் வாழ்க்கை வட்டம்

ஏனைய அந்துப்பூச்சிகளைப் போலவே இதுவும் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்னும் நான்கு பருவங்களைக் கொண்ட பூரண உருமாற்றத்தை அடைகின்றது.

முட்டைப் பருவமும் குடம்பியின் உணவுண்ணும் காலமும் காயினுள்ளே கழிகின்றன. வளர்ச்சியடைந்த குடம்பி காயைத் துளைத்து வெளியேறி, நிலத்தில் விழுந்து, மண்ணுள் புகுந்து தன்னைச் சுற்றிக் கூடு அமைக்கின்றது. அங்கு வளர்ச்சி தற்காலிகமாக நின்றுவிடும். இந்நிலை உறக்கநிலை எனப்படும். அடுத்த பூக்கும் பருவத்தில் பூச்சி வெளிவரலாம். அல்லது ஓராண்டுக்கு மேலும் மண்ணுள்ளேயே தங்கலாம்.

யோசுவா மரம் எல்லா ஆண்டும் பூப்பதில்லை எனப் பார்த்தோமல்லவா? பூவில்லாத ஆண்டில் எல்லாப் பூச்சிகளும் ஒரே நேரத்தில் வெளிவந்தால் முட்டையிட இடமின்றி அத்தலைமுறையே அழிந்துவிடும். மண்ணுள் சில பூச்சிகள் காத்திருப்பது, நிச்சயமற்ற பாலைநிலக் காலநிலைக்கு ஏற்ற சிறந்த இசைவாக்கமாகும். இசைவாக்கம் என்றதும் முள்ளையும் தடித்த தோலையும் மட்டும் எழுதாமல், இவ்வாறான நடத்தை மற்றும் கால ஒழுங்கு சார்ந்த இசைவாக்கங்களையும் எழுதுங்கள்.

6. இலாபமும் விலையும்

ஒன்றியவாழ்வு என்பது இரு இன அங்கிகள் நெருங்கி வாழ்ந்து இரண்டும் நன்மையடையும் தொடர்பாகும். ஆயினும் இரு தரப்பும் விலை கொடுக்கின்றன.

மரம்
பெறும் நன்மை: மகரந்தச்சேர்க்கை, அதனால் வித்து உற்பத்தி.
கொடுக்கும் விலை: வித்துகளில் ஒரு பகுதி குடம்பிகளுக்கு உணவாதல்.

அந்துப்பூச்சி
பெறும் நன்மை: குடம்பிக்கு உணவும் பாதுகாப்பான இடமும்.
கொடுக்கும் விலை: தனது குறுகிய வாழ்நாளில் மகரந்தம் சேர்க்கவும் சுமக்கவும் வைக்கவும் நேரமும் சக்தியும் செலவிடல்.

பூச்சி ஒரே பூவில் அளவுக்கு மிஞ்சி முட்டைகளை இட்டால் என்னாகும்? வித்துகள் அனைத்தும் உண்ணப்பட்டு மரத்துக்கு எதுவும் மிஞ்சாது. யூக்கா சாதியைச் சேர்ந்த வேறொரு தாவரத்தில் மேற்கொண்டு 1994இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. அதிக முட்டைகளைக் கொண்ட பூக்களை அத்தாவரம் உதிர்த்துவிடும் வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. பூ உதிர்ந்தால் அதிலுள்ள முட்டைகளும் அழியும். ஆகவே பேராசையுடைய பூச்சியின் சந்ததி குறைந்து, அளவோடு முட்டையிடும் பூச்சியின் சந்ததி பெருகும். இரு தரப்பும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதாலேயே இவ்வுறவு நீண்டகாலம் நிலைத்துள்ளது.

நமது கோயில் வீதிகளிலும் குளக்கரைகளிலும் நிற்கும் ஆல், அரசு, அத்தி ஆகியவற்றிலும் இதையொத்த உறவு உண்டு. அத்தி இன மரங்களின் மூடிய பூந்துணரினுள் சிறிய அத்திக்குளவி நுழைந்து, மகரந்தத்தைக் கொண்டுசேர்த்து, முட்டையும் இடுகின்றது. இரு உதாரணங்களையும் ஒப்பிட்டு எழுதும் விடை எப்போதும் சிறந்து விளங்கும்.

7. இரு மரங்கள், இரு பூச்சிகள்

யோசுவா மரங்கள் அனைத்தும் ஒரே வகையல்ல. மேற்குப் பகுதியில் உயரமாக வளர்ந்து பின்னர் கிளைவிடும் மரமும், கிழக்குப் பகுதியில் குட்டையாக, நிலத்துக்கு அண்மையிலேயே கிளைவிடும் மரமும் காணப்படுகின்றன. கிழக்கு மரத்தைத் தாவரவியலாளர் பலர் யூக்கா யேகெரியானா என்னும் தனி இனமாகக் கொள்கின்றனர்.

நீண்ட காலமாக இரண்டுக்கும் ஒரே பூச்சியே மகரந்தச்சேர்க்கை செய்வதாகக் கருதப்பட்டது. 2003இல் அது இரு இனங்கள் என்பது வெளிப்படுத்தப்பட்டது. மேற்கு மரத்துக்குரியது தெகெற்றிக்குலா சிந்தெற்றிக்கா. கிழக்கு மரத்துக்குரியது அதைவிடச் சிறிய தெகெற்றிக்குலா அன்ரிதெற்றிக்கா.

இவ்வேறுபாட்டின் திறவுகோல் பூவின் தம்பத்தில் உள்ளது. மேற்கு மரப் பூவின் தம்பம் நீளமானது. அதன் பூச்சியின் முட்டையிடும் உறுப்பும் நீளமானது. கிழக்கு மரப் பூவின் தம்பம் குறுகியது. அதன் பூச்சியின் உறுப்பும் குறுகியது. பூட்டும் திறப்பும் போல ஒன்றுக்கொன்று பொருந்தியுள்ளன. நெவாடாவிலுள்ள திக்கபூ பள்ளத்தாக்கில் இரு வகை மரங்களும் இரு வகைப் பூச்சிகளும் ஒருங்கே காணப்படுவதால், விஞ்ஞானிகள் அவ்விடத்தைத் திறந்தவெளி ஆய்வுகூடமாகவே பயன்படுத்தி வருகின்றனர்.

இரு இனங்கள் ஒன்றன் மாற்றத்துக்கேற்ப மற்றொன்றும் மாறிவருவது கூட்டுப்பரிணாமம் எனப்படும்.

8. பங்களிக்காத விருந்தாளிகள்

புரொடொக்சசு என்னும் வேறொரு சாதி அந்துப்பூச்சிகளும் யூக்கா தாவரங்களில் வாழ்கின்றன. இவை தெகெற்றிக்குலாவுக்கு நெருங்கிய உறவுடையவை. ஆயினும் மகரந்தம் சுமப்பதில்லை. இவற்றின் குடம்பிகள் பூந்தண்டு முதலிய பாகங்களை உண்டு வளர்கின்றன. தாவரத்தில் வாழும் எல்லாப் பூச்சியும் அதற்கு நன்மை செய்வதில்லை என்பதற்கு இது உதாரணமாகும். இலாபம் ஒரு தரப்புக்கு மட்டும் கிடைத்து மறுதரப்புக்குப் பாதிப்பு ஏற்படுமாயின் அதனை ஒன்றியவாழ்வு எனக் கூறக்கூடாது.

9. கண்டறிந்த வரலாறு

1872இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மருத்துவரும் தாவரவியலாளருமான ஜோர்ஜ் எங்கெல்மன், யூக்கா பூக்களுக்குப் பூச்சியின் உதவி தேவை என்பதை அவதானித்தார். அவரது தூண்டுதலால் அம்மாநிலத்தின் பூச்சியியலாளரான சார்ள்ஸ் றைலி மேலும் ஆராய்ந்து, அப்பூச்சியின் நடத்தையை விவரித்தார். 1874இல் சார்ள்ஸ் டார்வின் தமது நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதமொன்றில் இக்கண்டுபிடிப்பை மிகவும் வியந்து குறிப்பிட்டார். மேற்கு யோசுவா மரத்தின் பூச்சிக்கு 1892இல் பெயரிட்டவரும் றைலியே.

10. இன்றைய ஆபத்து

இதுவரை பார்த்தது ஓர் ஒழுங்கான கட்டமைப்பு. ஒரு கண்ணி அறுந்தால் என்னவாகும் என்பதே இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதியாகும்.

(அ) வெப்பம் அதிகரித்தல்: காலநிலை மாற்றத்தால் கோடை வெப்பமும் வரட்சியும் கூடுகின்றன. முதிர்ந்த மரம் சேமித்த நீரைக் கொண்டு தாக்குப்பிடிக்கும். ஆனால் இளநாற்றினால் முடியாது. நாற்றுகள் பெரும்பாலும் வேறு செடிகளின் நிழலிலேயே தப்பிப் பிழைக்கின்றன. ஆகவே வெப்பமான பகுதிகளில் முதியமரங்கள் நிற்க, இளமரங்கள் அரிதாகும் நிலை தோன்றுகின்றது.

(ஆ) காட்டுத்தீ: மொகாவி பாலைவனத்தில் செடிகளுக்கிடையே வெற்றுநிலம் இருந்தமையால் முன்பு தீ எளிதில் பரவவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய புரோமசு சாதிப் புற்கள் அவ்வெற்றிடங்களை நிரப்பின. மழை பெய்யும் ஆண்டில் புல் செழிக்கும். கோடையில் காய்ந்து எரிபொருளாகும். 2020 ஓகஸ்ட்டில் மின்னலால் மூண்ட டோம் தீ, மொகாவி தேசிய ஒதுக்கிடத்தின் சீமா டோம் பகுதியில் சுமார் 43,000 ஏக்கர் நிலத்தை எரித்தது. சுமார் 13 இலட்சம் யோசுவா மரங்கள் அழிந்ததாக மதிப்பிடப்பட்டது. 2023இல் மூண்ட யோர்க் தீ சுமார் 93,000 ஏக்கர் நிலத்தைத் தின்றது.

(இ) வித்துப் பரவல் குறைவு: யோசுவா மரத்தின் காய்கள் தாமாக வெடித்து வித்துகளைச் சிதறுவதில்லை. அணில், எலி போன்ற கொறியுயிர்களே வித்துகளை எடுத்துச் சென்று புதைக்கின்றன. அவை செல்லும் தூரம் குறைவு. இக்காரணத்தால், காலநிலை மாறும் வேகத்துக்கு ஈடாக மரம் குளிர்ந்த பகுதிகளை நோக்கி இடம்பெயர முடிவதில்லை.

(ஈ) நிலப் பயன்பாடு: நகர விரிவாக்கம், வீதிகள், மின்னுற்பத்தித் திட்டங்கள் ஆகியவற்றுக்காக நிலம் அழிக்கப்படுகின்றது.

பூச்சி இல்லாமற் போனால் மரங்கள் உடனே பட்டுப்போவதில்லை. நீண்ட ஆயுளுள்ள மரம் என்பதால் பல ஆண்டுகள் பசுமையாகவே நிற்கும். நிலத்தடித் தண்டிலிருந்து முளைவிடும் மரங்களும் உண்டு. பார்ப்பவர் காடு நலமாக இருப்பதாகவே நினைப்பார். ஆனால் புதிய வித்து உருவாகாது. தீயில் அழிந்த இடத்தை நிரப்ப நாற்று வராது. மறுபுறம், மரம் பூக்காத ஆண்டுகள் தொடர்ந்தால் பூச்சிக்கு முட்டையிட வேறு இடமில்லை. ஒன்றையொன்று முழுமையாகச் சார்ந்திருப்பது சாதாரண காலத்தில் பலம். சூழல் வேகமாக மாறும் காலத்தில் அதுவே பலவீனம்.

பாதுகாப்பு முயற்சிகளும் நடைபெறுகின்றன. 1936இல் தேசிய நினைவிடமாக ஒதுக்கப்பட்ட பகுதி 1994இல் யோசுவா மரத் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. 2023இல் கலிபோர்ணியா மாநிலம் மேற்கு யோசுவா மரத்தைப் பாதுகாக்கத் தனிச்சட்டம் இயற்றியது. சீமா டோமில் எரிந்தவை கிழக்கு மரங்கள் என்பதால் அவை அச்சட்டத்தின் கீழ் வரவில்லை. எனினும் எரிந்த நிலத்தில் தொண்டர்களின் உதவியோடு நாற்றுகள் நடப்பட்டன. இன்று நட்ட நாற்று முதற் பூவைக் காண்பதற்கு இன்றைய மாணவர் முதியவராகிவிடக்கூடும். இழப்பின் அளவை ஏக்கரில் மட்டுமன்றி ஆண்டுகளிலும் அளக்க வேண்டும்.

11. பரீட்சையில் கவனிக்க வேண்டியவை

• “விளக்குக” என்று கேட்டால் காரணமும் விளைவும் இரண்டும் எழுதப்பட வேண்டும். “புல் பரவியது” என்பது காரணம் மட்டும். “புல் பரவியமையால் செடிகளுக்கிடையிலான வெற்றுநிலம் நிரம்பி, தீ தொடர்ந்து பரவ வழியேற்பட்டது” என்பதே முழு விடை.
• மகரந்தச்சேர்க்கையையும் கருக்கட்டலையும் ஒன்றெனக் கொள்ளாதீர்கள். மகரந்தம் குறியை அடைவது முதலாவது. ஆண், பெண் புணரிகள் சேர்வது இரண்டாவது.
• இடப்பெயர், ஆண்டு, இனப்பெயர் ஆகியவற்றில் ஒன்றையாவது விடையில் சேருங்கள். ஆனால் உறுதியாகத் தெரியாத எண்ணை எழுதாதீர்கள்.

12. பயிற்சி வினாக்கள்

பகுதி அ – பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. மொகாவி பகுதி வரண்டிருப்பதற்குப் பிரதான காரணம்,
(1) மத்திய கோட்டுக்கு அண்மையில் இருத்தல் (2) மழை ஒதுக்கில் அமைந்திருத்தல் (3) எரிமலைச் செயற்பாடு (4) காடழிப்பு

2. யூக்கா அந்துப்பூச்சி பூவை நாடுவது,
(1) தேன் உறிஞ்சுவதற்காக (2) இலை உண்பதற்காக (3) முட்டையிடுவதற்காக (4) குளிரைத் தவிர்ப்பதற்காக

3. கூட்டுப்புழுப் பருவம் கழியும் இடம்,
(1) பூ (2) காய் (3) இலை (4) மண்

பகுதி ஆ – சுருக்கமான விடை தருக.

4. அதிக முட்டைகள் இடப்பட்ட பூவைத் தாவரம் உதிர்ப்பதால் ஏற்படும் விளைவு யாது?

5. மேற்கு, கிழக்கு யோசுவா மரங்களின் பூக்களுக்கிடையிலான முக்கிய வேறுபாடொன்றைக் குறிப்பிட்டு, அது பூச்சியுடன் எவ்வாறு தொடர்புறுகின்றது எனக் கூறுக.

பகுதி இ – கட்டுரை வினா.

6. “பச்சையாக நிற்கும் காடெல்லாம் நலமான காடல்ல.” யோசுவா மரத்தை உதாரணமாகக் கொண்டு இக்கூற்றை விளக்குக.

விடைகள்

1 – (2), 2 – (3), 3 – (4).

4. அப்பூவிலுள்ள முட்டைகள் அழியும். அளவோடு முட்டையிடும் பூச்சிகளின் சந்ததி பெருகும். இதனால் வித்துகள் முழுவதும் உண்ணப்படாமல் உறவு சமநிலையில் நிலைக்கும்.

5. மேற்கு மரப் பூவின் தம்பம் நீளமானது; கிழக்கு மரப் பூவினது குறுகியது. அந்தந்த மரத்துக்குரிய பூச்சியின் முட்டையிடும் உறுப்பு அத்தம்பத்தின் நீளத்துக்குப் பொருந்தியுள்ளது.

6. விடையில் இடம்பெற வேண்டிய குறிப்புகள்: மரத்தின் நீண்ட ஆயுள், வித்து உற்பத்தி பூச்சியில் தங்கியிருத்தல், வெப்பத்தாலும் வரட்சியாலும் நாற்றுகள் அழிதல், தீயின் பின் மீள்வளர்ச்சி மெதுவாக இருத்தல், ஒரு காட்டின் நலத்தை முதிர்ந்த மரங்களின் எண்ணிக்கையால் மட்டுமன்றி இளமரங்களின் எண்ணிக்கையாலும் மதிப்பிட வேண்டும் என்னும் முடிவு.

பாடச் சுருக்கம்

யோசுவா மரம் மொகாவி பாலைவனத்துக்கு உரியது. அதற்கு வித்துத் தருவது தெகெற்றிக்குலா அந்துப்பூச்சி. அப்பூச்சியின் குடம்பிக்கு உணவு தருவது யோசுவா மரம். இரண்டும் விலை கொடுத்தே நன்மை பெறுகின்றன. வெப்பம், வரட்சி, அந்நியப் புல், தீ ஆகியன இந்த உறவை அச்சுறுத்துகின்றன. ஓர் இனத்தைக் காப்பது என்பது அதனோடு பிணைந்த மற்ற இனத்தையும், இரண்டும் வாழும் நிலத்தையும் சேர்த்துக் காப்பதாகும். இவ்வொரு வாக்கியத்தை விளங்கி எழுதக் கற்றுக்கொண்டால், வினா எந்தப் பாலைவனத்தைப் பற்றி வந்தாலும் உங்களால் விடையளிக்க முடியும்.